நிபுணர் கை வைத்த ஹார்ட் டிஸ்க்

எங்கள் அத்தான் கை வைத்தால் எந்தப் பொருளும் பிழைத்துவிடும் என்று தெருவே சொல்லும். தெருவுக்கென்ன, நோகாமல் சொல்லும். செத்துப்போன சாமானையெல்லாம் துணிப்பைக்குள் ஒளித்துக்கொண்டு அடுத்த தெரு மெக்கானிக்கிடம் ஓடினவள் நானல்லவா?

அத்தான் என்றால் என் அக்கா புருஷன். பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பெல்ட்டில் ஓடி வருகிற மூடிகளைப் பார்த்து, கோணலானதைப் பொறுக்கி எறிவார். வேலையில் கெட்டிக்காரர்தான், பொய் சொல்லக் கூடாது. ஒரு கோணல் மூடிகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. வீட்டு வாசலைத் தாண்டியதும் அந்தக் கண் எங்கே போகுமோ தெரியாது. எது நின்றுபோனாலும் எறிய விடமாட்டார். "குடு, நான் பார்க்கிறேன்" என்பார். அதைக் கேட்டு நடுங்காத மின்சாமான் எங்கள் வீட்டில் கிடையாது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நிபுணர். கிண்டலுக்குத்தான் வைத்தோம். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

இந்த வினையை ஆரம்பித்து வைத்தவள் அக்கா. கல்யாணமான புதிதில் மிக்ஸி நின்றுவிட்டது. அத்தான் அதைப் பிரித்துத் தரையில் பரப்பி, ஒரு விடுமுறை நாள் முழுக்க மல்லுக்கட்டி, திரும்ப மூடி வைத்தார். சுவிட்சைப் போட்டால் ஒரு முனகல்கூட இல்லை. மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று. சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். புதுப் பெண்டாட்டிக்குப் பொறுக்குமா? மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரி செய்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். சாயங்காலம் வந்தவர் ஏதோ நப்பாசையில் சுவிட்சைத் தட்டினார். மிக்ஸி வீறிட்டது. "நேத்து நான் பண்ணினது இன்னைக்குப் பிடிச்சிருக்கு பாரு!" என்று குதித்தாராம். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். அன்று ஆட்ட ஆரம்பித்த தலையை அதற்கப்புறம் அவளால் நிறுத்தவே முடியவில்லை.

அவர்கள் வீட்டு மாடிக்கு நான் குடிவந்ததும் நானும் கூட்டுக் களவாணி ஆகிவிட்டேன். முறை இதுதான். எது கெட்டாலும் முதலில் அத்தான் பார்ப்பார். பார்த்துக் கெடுத்ததும், அவர் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் நான் அதைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போவேன். மெக்கானிக் பையைப் பார்த்ததுமே, "சாதாரண ரிப்பேரா, நிபுணர் பார்த்த ரிப்பேரா?" என்று கேட்பார். இரண்டாவது என்றால் பெருமூச்சு விட்டுவிட்டு, புது ஸ்க்ரூ டப்பாவை எடுப்பார். ஏனென்றால் அத்தான் எதைப் பிரித்து மூடினாலும் நாலைந்து ஸ்க்ரூ மிஞ்சும். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "கம்பெனிக்காரன் ஏமாத்துறான். தேவையில்லாத ஸ்க்ரூவெல்லாம் போட்டு விலையை ஏத்துறான்." மிஞ்சியதையெல்லாம் ஒரு பவுடர் டப்பாவில் போட்டுச் சேர்த்துவைத்தார். தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் மிச்சக் காலை டப்பாவில் போட்டுப் பூட்டிவைக்கிற ஆள்.

இதைவிடக் கொடுமை அவருடைய தத்துவம். அவர் சரி செய்த பொருள் அன்றைக்கே ஓடாது, அடுத்த நாள்தான் ஓடும் என்பது அவருடைய அனுபவம். அடுத்த நாள் ஏன் ஓடுகிறது என்பது எங்களுடைய அனுபவம். "என் கைவேலை ஒரு நாள் ஆறணும். அப்பத்தான் பிடிக்கும். அவசரப்பட்டா ஆகாது" என்று தெரு முழுக்கப் பிரசங்கம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் தன் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அத்தான் பிரித்தார், மூடினார், "நாளைக்கு வாங்க" என்றார். அந்த டிவியை மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோக நான் ஒரு வண்டி பிடிக்க வேண்டியதாயிற்று. ஊரார் டிவியை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று அக்காவிடம் கத்தினேன். "அவர் முகம் வாடிடும்டி" என்றாள். என் முதுகு வாடியது யார் கண்ணிலும் படவில்லை.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம்.

அக்கா ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அது போக வீட்டிலும் ஒரு வேலை எடுத்துக்கொண்டிருந்தாள். பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது. படுக்கையறை ஜன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க மைக் முன்னால் உட்கார்ந்து படிப்பாள். கூடத்தில் அத்தான் எதையாவது தட்டுகிற சத்தம் விழுந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படிப்பாள். ஒரு முறையாவது "தட்டாதீங்க" என்று சொல்லக் கூடாதா? மாட்டாள். அவர் மனம் நோகுமாம்.

அவள் குரலை நம்பிப் படித்தவர்களில் ஒரு பெண் சட்டக் கல்லூரி மாணவி. கோர்ட்டு வாசலையே இன்னும் மிதிக்கவில்லை, ஆனால் பேசுகிற பேச்சுக்கு நாங்கள் வக்கீல் என்றே கூப்பிடுவோம். சாட்சியச் சட்டம்தான் அவளுடைய கடைசிப் பரீட்சை. அதில் போனால் ஒரு வருஷம் போச்சு, சேரச் சொல்லியிருந்த வேலையும் போச்சு. அதற்கான புத்தகம் தலையணை கனம். அச்சில் மட்டும்தான் கிடைத்தது. முன்பாதியை அக்கா ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். பின்பாதியைப் படித்து முடித்து, கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அந்தப் பின்பாதி முழுக்க ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தது, கம்ப்யூட்டரில் கேபிள் போட்டுச் செருகுகிற, உள்ளங்கை அளவுப் பெட்டி.

நகல் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லாமலா? நிபுணர் இருக்கிற வீடாயிற்றே! "ரெண்டு இடத்துல வெச்சாத்தான் பத்திரம்" என்று அத்தான்தான் யோசனை சொன்னார். அதே ஹார்ட் டிஸ்கில் 'பதிவு' என்று ஒரு ஃபோல்டர், 'பதிவு பத்திரம்' என்று இன்னொரு ஃபோல்டர். வீடு இடிந்தால் என்ன செய்வது என்று பயந்து, அதே வீட்டில் இன்னொரு அறையில் போய்ப் படுத்துக்கொள்கிற புத்திசாலித்தனம்.

ஒரு நாள் காலை நான் கீழே வந்தபோது அக்கா அந்தப் பெட்டியைக் காதோரம் வைத்துக்கொண்டிருந்தாள். "ஏய், இது டக் டக்குன்னு அடிக்குதுடி. கம்ப்யூட்டர்லயும் தெரிய மாட்டேங்குது."

வாங்கிக் கேட்டேன். உள்ளே யாரோ விரல் கணுவால் கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம். எனக்குக் கம்ப்யூட்டர் சாஸ்திரம் தெரியாது. ஆனால் ஆடாத பொருள் ஆடினாலும் அடிக்காத பொருள் அடித்தாலும் நல்லதில்லை என்கிற அளவுக்கு அறிவிருக்கிறது.

"கழட்டு. பெரிய ரோட்டுல கம்ப்யூட்டர் கடை இருக்கு, இப்பவே கொண்டுபோறேன்" என்றேன்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அவர் இன்னைக்கு லீவு. வீட்டுல இருக்கார்."

"இருந்தா இருக்கட்டும்."

"அவர் கண்ணு முன்னாடி வெளியில கொடுத்தா என்ன நினைப்பார்? ஒரு தடவை பார்த்துக்கட்டும். நாளைக்கு வேலைக்குப் போனதும் நீ எடுத்துட்டுப் போ. எப்பவும் போலத்தானே?"

எப்பவும் போலத்தான். மிக்ஸியை அவர் பார்த்தால் மிக்ஸி கொஞ்சம் கூடுதலாகச் சாகும், மெக்கானிக் கொஞ்சம் கூடுதலாகத் திட்டுவார், அவ்வளவுதான். இதுவும் ஒரு மிக்ஸி என்று அக்கா நினைத்துக்கொண்டாள். நானும் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

"குடு, நான் பார்க்கிறேன்" என்று அத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆச்சரியம் என்னவென்றால் ஆரம்பத்தில் அவர் செய்தது சரியாகத்தான் இருந்தது. கேபிளை மாற்றினார். வேறு ஓட்டையில் செருகினார். பெட்டி இரண்டு தடவை டக் என்றது, பிறகு திரையில் எட்டிப் பார்த்தது. 'பதிவு', 'பதிவு பத்திரம்', எல்லா அத்தியாயமும் வரிசையாக நின்றன. அக்கா கையைத் தட்டினாள். எனக்கே ஒரு நிமிஷம் மனுஷன் மேல் மரியாதை வந்துவிட்டது.

"வந்துடுச்சுல்ல, முதல்ல அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்து வெச்சுடுங்க அத்தான்" என்றேன்.

அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை பரிதாபம். "நோயாளிக்கு முதல்ல வைத்தியம் பண்ணணுமா, பந்தி போடணுமா? டிஸ்க்கைச் சரி பண்ணிட்டா எல்லாம் தன்னால வந்துட்டுப் போகுது."

பழுது பார்த்துச் சரி செய் என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டார். அது டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் துருவத் தொடங்கியது. மூச்சு வாங்குகிற ஆளை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்ன மாதிரி. மத்தியானத்துக்குள் டக் டக் சத்தம் கடகடவென்று ஆகி, திரையிலிருந்த அத்தனை பெயரும் மறைந்துபோயின. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அவரோ, "உள்ள சூடாயிடுச்சு" என்று கண்டுபிடித்தார்.

சூட்டுக்கு மருந்து குளிர்ச்சி. தொழிற்சாலையில் யாரோ சொன்னார்களாம், ஃப்ரீசரில் வைத்தால் ஹார்ட் டிஸ்க் பிழைத்துக்கொள்ளும் என்று. பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஐஸ் தட்டுக்கும் பட்டாணிப் பாக்கெட்டுக்கும் நடுவில் படுக்க வைத்தார். சாட்சியச் சட்டம் பட்டாணியோடு சேர்ந்து விறைத்தது. வெளியே எடுத்தபோது பெட்டியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. துண்டால் துடைத்துச் செருகினார். சத்தம் மட்டும் வந்தது.

நான் அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "போதும், பிடுங்கிட்டு வா. இல்லைன்னா நான் போய்ப் பிடுங்குவேன்."

"இன்னும் கொஞ்ச நேரம்டி. தோத்துட்டோம்னு அவரா எழுந்திருக்கணும். நடுவுல பிடுங்கினா மனசு விட்டுடுவார்."

நாங்கள் திரும்பி வந்தபோது ஸ்க்ரூக்கள் தட்டில் கிடந்தன. மூடி திறந்திருந்தது. உள்ளே கண்ணாடி போல ஒரு தட்டு பளபளத்தது. அத்தான் மூக்குக்கண்ணாடித் துணியால் அதைப் பக்தியோடு துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தையல் மெஷின் எண்ணெய்.

"ஒரே தூசி" என்றார். "ஒரு சொட்டு எண்ணெயும் விட்டிருக்கேன். இனிமே யாரும் தொடாதீங்க. நாளைக்குப் பிடிச்சுக்கும்."

குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது பிய்த்துப் போட்டுவிட்டுப் போகும், எண்ணெய் விடாது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பழைய வழக்கப்படி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கம்ப்யூட்டர் கடையில் இருந்த பெண் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்க்ரூ இல்லாத ஓட்டைகளைப் பார்த்தாள். மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஏதோ செத்த எலியைக் காட்டிய மாதிரி என்னைப் பார்த்தாள்.

"இதைத் திறந்தது யாரு?"

"வீட்டுல... ஒருத்தர்."

"எண்ணெய் வேறயா?" விளக்கைச் சாய்த்துக் காட்டினாள். தட்டின் மேல் கட்டைவிரல் ரேகை அத்தனை சுத்தமாக விழுந்திருந்தது. "தூசி பட்டாலே போயிடும்ங்க இது. சத்தம் வந்த உடனே அணைச்சுட்டு நேரா கொண்டுவந்திருந்தா, அநேகமா எல்லாத்தையும் எடுத்திருக்கலாம். இனிமே யார்கிட்ட போனாலும் ஒண்ணும் வராது."

வேறு இரண்டு கடைகளிலும் கேட்டேன். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி அதே கேள்வியைத்தான் கேட்டார்கள், யார் திறந்தது என்று. வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பொண்ணுகிட்ட நான் என்னடி சொல்வேன்?" என்று அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளையே நாலு சாத்துச் சாத்தியிருப்பேன். அழுகிறவளை எங்கே அடிப்பது?

வக்கீலுக்குப் போன் போட்டோம். "பின்பாதி முழுசுமா?" என்றாள். "சரி, அழாதீங்கம்மா. நான் அங்கேயே வந்துடறேன். நீங்க நேரா படிங்க, நான் கேட்டுக்கறேன்."

போனில் படம் பிடித்து இயந்திரக் குரலை வாசிக்க வைக்கலாமே என்று தோன்றும். வைத்துப் பார்த்தோம். அது அடிக்குறிப்பையும் பிரிவு எண்ணையும் வாக்கியத்துக்கு நடுவில் போட்டுப் பிசைந்து, குற்றவாளியையும் நீதிபதியையும் ஒரே ஆளாக்கிவிட்டது. அதனால் அக்கா லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். வக்கீல் தினமும் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வருவாள், கட்டிலோரம் சாய்ந்துகொண்டு கேட்பாள், நடுநடுவே "திரும்பச் சொல்லுங்க" என்பாள். பதிவு என்றால் அவள் இரட்டை வேகத்தில் ஓட்டி மூன்று முறை கேட்கிற ஆள். இப்போது மனுஷ வேகத்தில் ஒரே முறை; போனில் பதிந்துகொண்டாலும் திரும்பக் கேட்க நேரம் மிச்சமில்லை. அக்காவின் குரல் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகத் தேய்ந்துகொண்டே வந்தது. தொண்டை ஓய்ந்தபோது நான் படித்துப் பார்த்தேன். நான் படித்ததை வக்கீல் ஒரு பக்கத்துக்குமேல் சகித்துக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில் நிபுணர் ஒவ்வொரு சாயங்காலமும் வேலையிலிருந்து வந்ததும் நேராக அந்தப் பெட்டியைச் செருகிப் பார்ப்பார். கடைக்காரி சொன்னது எதையும் அக்கா அவரிடம் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. "இன்னும் பிடிக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பத்திரமாகத் துணியில் சுற்றி வைப்பார். இந்த வீட்டில் வாய்விட்டு உண்மை பேசினது அந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வக்கீல் தேறிவிட்டாள், ஆனால் மட்டமான மார்க். அந்த மார்க்குக்கு அவள் சேர இருந்த வேலை கிடைக்கவில்லை. படிக்க நேரமில்லாமல் போன கடைசி இரண்டு அத்தியாயத்திலிருந்துதான் பெரிய கேள்வி வந்ததாம். இனி நான் சொல்லப்போவது பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தது.

அக்காவுக்குக் குரல் சுத்தமாக அடைத்துவிட்டது. வெறும் காற்றுதான் வந்தது. "போதும்மா, விடுங்க. இதுக்கு மேல நீங்க படிச்சா எனக்குக் கேட்காது, உங்களுக்கும் ஆகாது" என்று வக்கீல் எழுந்தாள். அப்போதுதான் அத்தான் உள்ளே வந்தார். வந்ததும் வராததுமாகப் பெட்டியைச் செருகினார். டக் சத்தம்கூட இல்லை.

"இன்னைக்கும் பிடிக்கல" என்றார்.

வக்கீல் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். "சார், பிடிக்கல பிடிக்கலன்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன?"

கேட்க ஆள் கிடைத்தால் நிபுணருக்குச் சொல்லவா வேண்டும்? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தத்துவத்தை எடுத்துவிட்டார். கைவேலை ஒரு நாள் ஆற வேண்டும், அப்புறம்தான் பிடிக்கும், இது என்னமோ புதுமாதிரிப் பொருள், கூட நாலு நாள் கேட்கிறது.

"இதுக்கு முன்னாடி நீங்க தொட்டது எல்லாமே அப்படி ஓடிச்சா சார்?"

"எல்லாமே. ஒண்ணுகூடத் தப்பினதில்லை. தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு."

"தெருக்காரங்க கேள்விப்பட்டதைச் சொல்வாங்க. அது சாட்சியாகாது. அந்த ஒரு நாள், பொருள் ஆறுதுன்னு சொன்னீங்களே, அப்ப நீங்க வீட்டுல இருப்பீங்களா?"

"நானா? வேலைக்குப் போயிடுவேன்."

"ஒரு தடவையாவது இருந்திருக்கீங்களா?"

அத்தான் யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். "இல்லையே."

"அப்ப வீட்டுல யார் இருந்தாங்க?"

அத்தான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பெல்ட்டில் ஓடுகிற மூடிகளைப் பார்க்கிற கண் அப்போதுதான் முதல் தடவையாக வீட்டுக்குள் திறந்தது. நான் கூரையைப் பார்த்தேன். அக்கா புத்தகத்தை மூடினாள்.

"நாங்கதாங்க மெக்கானிக்கிட்ட கொண்டுபோனோம்" என்றாள் அந்தக் காற்றுக் குரலில். "எல்லாத்தையும் அவர்தான் சரி பண்ணினார்."

"மிக்ஸி?" என்றார் அத்தான்.

"அவர்தான்."

"தண்ணி மோட்டார்?"

"அதுவும்."

"பக்கத்து வீட்டு டிவி?" இதை என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டி வெச்சுக் கொண்டுபோனேன் அத்தான்" என்றேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். படுத்துவிடுவார், சாப்பிட மாட்டார் என்று அக்கா எதிர்பார்த்திருப்பாள். இரண்டும் இல்லை. கையிலிருந்த பெட்டியைத் துணியில் சுற்றப் போனவர் சுற்றாமல் மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும். அப்ப இதை எதுக்கு என்கிட்ட குடுத்தீங்க?"

"உங்க மனசு நோகுமேன்னு..." என்று அக்கா இழுத்தாள்.

"சொல்லியிருந்தா இதைத் தொட்டிருக்க மாட்டேனே" என்றார் அத்தான். "நாளைக்கு இந்தப் பொண்ணு பரீட்சைன்னு எனக்கும் தெரியுமே. என் கைவேலை லட்சணம் தெரிஞ்சிருந்தா நானே கடைக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேனே."

இத்தனை வருஷமாக அவருக்காக நான் சேர்த்துவைத்திருந்த வசவுக்குக் கணக்கே கிடையாது. ஒன்றாவது வாய்க்கு வர வேண்டுமே!

வக்கீல் மடக்கி வைத்திருந்த கைத்தடியை விரித்தாள். "சார் சொல்றது நியாயம்தாம்மா. நான் ஜட்ஜா இருந்தா அவரை விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அவரை விட்டுவிட்டு யாரைப் பிடிப்பாள் என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.